விளக்குக்கு முளைத்த கைகள்

முதலில் என் மடைமையைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது கொஞ்சம் மரியாதையாக இருக்கும். ஒரு படத்தை ஒரு வகை ஃபைலிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றுவது என்றால், அதன் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் மூன்று எழுத்துகளை அழித்துவிட்டு வேறு மூன்று எழுத்துகளை அடிப்பதுதான் என்று ஒரு மாரிகாலம் முழுக்க நம்பியிருந்தவன் நான். ஆட்டின் கழுத்தில் 'பசு' என்று மட்டை எழுதிக் கட்டிவிட்டுப் பெரிய வாளியோடு குந்தியிருந்த மாதிரி. பகிடி என்னவென்றால், சில நேரம் பாலும் வந்தது. சில ப்ரோக்ராம்கள் பெயரைப் பார்ப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தாங்களே பார்த்துத் திறந்துவிடும். அதனால் என் மடைமைக்குச் சாட்சியும் இருந்தது. அந்த அறிவை இரண்டு பேருக்குப் படிப்பித்தும் விட்டேன். அவர்கள் இப்போது எந்த நாட்டில், எந்த வாளியோடு குந்தியிருக்கிறார்களோ தெரியாது.

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது கோபம். போன மாதம் வவுனியாவில் ஒரு கலியாண மண்டபத்தில், வீடியோ எடுக்க வந்திருந்த ஓர் இளைஞர் என்னை அடையாளம் கண்டுபிடித்துப் பக்கத்தில் வந்து இருந்தார். மரியாதையான பிள்ளை. நான் அந்தக் காலத்தில் இதே வேலை செய்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கைத்தொலைபேசியை எடுத்து, அப்போதுதான் எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். மணமக்களுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றா. அவாவைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார். அவா இல்லை. அவா நின்ற இடத்தில் திரைச்சீலை மடிப்பு மடிப்பாக அழகாகத் தொங்கியது.

"பாத்தியளே ஐயா? இப்ப ஆரையும் அழிக்கலாம்" என்றார்.

"ஆரைக் கேட்டு அழிச்சனீர்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். இந்தக் கிழவன் பகிடி விடுகிறான் என்று நினைத்திருப்பார். என் முகம் அப்படி, செத்த வீட்டில் நின்றாலும் பகிடி விடப் போகிறவன் மாதிரித்தான் இருக்கும். என் மனைவி என் கையைப் பிடித்து, "கலியாண வீடு, கத்தாதையுங்கோ" என்றாள். நான் கத்தவில்லை. வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

நான் கொம்பியூட்டர் படித்தது கிளிநொச்சியில், கரும்பலகையில். ஊரில் மின்சாரம் இல்லாத காலம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். ரியூசன் மாஸ்டர் வெண்கட்டியால் ஒரு பெட்டி கீறுவார், அதற்குக் கீழே விசைப்பலகை கீறுவார், "இப்ப இந்த விசையை அமத்திறம்" என்று சுட்டுவிரலால் கரும்பலகையைக் குத்துவார். நாங்களும் காற்றில் குத்துவோம். அடுத்ததாக என்ன தெரியும் என்பதையும் அவரே கீறிக் காட்டுவார். அந்தக் கொம்பியூட்டர் ஒரு நாளும் பழுதானதில்லை. மழை பெய்தால் மட்டும் கொஞ்சம் அழியும். பிறகு இடம்பெயர்ந்து, அலைந்து, வவுனியாவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உண்மையான கொம்பியூட்டரைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. பயந்துபோனேன்.

என்னை வேலைக்கு எடுத்தவர் செபமாலை அண்ணை. முல்லைத்தீவுக் கரைக்காரர், முள்ளிவாய்க்கால் பக்கம். வீட்டில் எல்லோரும் கடல் தொழில். இவர் மட்டும் வள்ளம் ஏறினால் சத்தி எடுப்பாராம். அதனால் தகப்பன் கமெரா வாங்கிக் கொடுத்துக் கரையிலேயே விட்டுவிட்டாராம். அவரே சொல்லிச் சிரிக்கிற கதை. வவுனியாவில் அவர் வைத்திருந்தது ஒரு சின்ன வீடியோ ஸ்ரூடியோ. தொண்ணூறுகளின் கடைசியில் ஊரெல்லாம் கலியாண வீடியோவுக்கு 'எஃபெக்ட்' கேட்கத் தொடங்கிய நேரம் அது. மணமக்கள் தாமரைப் பூவுக்குள்ளிருந்து எழும்ப வேண்டும். பனிமலையில் நடக்க வேண்டும். பெண்ணின் முகம் நிலவுக்குள் தெரிய வேண்டும். நெல்லு விதைக்கிற மனுசர் எல்லோரும் பனிமலைக்கு ஆசைப்பட்டார்கள். அதைச் செய்து கொடுக்கத்தான் நான். ஊரில் எனக்கு வைத்த பெயர் 'மாத்தி மூர்த்தி'.

வேலை இப்படித்தான். கலியாணக் கசற்றை ஓடவிட்டு, எஃபெக்ட் வேண்டிய துண்டை மட்டும் கொம்பியூட்டருக்குள் எடுக்க வேண்டும். முழுக் கலியாணத்தையும் எடுக்க டிஸ்க்கில் இடம் இல்லை. எடுத்த துண்டைத் தனித்தனிப் படங்களாக உடைக்க வேண்டும். ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஃபைல். அதில் கீறி, ஒட்டி, மறைத்து, மறுபடி கோர்த்துக் கசற்றுக்கு அனுப்ப வேண்டும். இதற்குள் ஃபைல் வகை என்கிற பேய் ஒன்று இருக்கிறது. ஜேபெக் என்றால் சின்னதாக இருக்கும், ஆனால் படத்தின் ஓரங்களைக் கடித்துத் தின்றுவிடும். பிட்மப் ஒன்றையும் தின்னாது, டிஸ்க்கைத்தான் தின்னும். எங்களுக்கு உயிர் டார்கா என்கிற வகை. மற்றவற்றில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்குத்தான். டார்காவில் நான்காவதாக ஓர் அடுக்கு உண்டு. அதில் நிறம் இல்லை. படத்தின் எந்த இடம் தெரியலாம், எந்த இடத்தால் பின்னால் உள்ளது தெரியலாம் என்பதை மட்டும் அது சொல்லும். நாங்கள் அதை 'மறைப்பு' என்போம். தாமரைப் பூவை வெட்டி ஒட்டுவதும் அதனால்தான் முடிந்தது. அவசரத்தில் அதை ஜேபெக்காக மாற்றினால் அந்த நான்காவது அடுக்கு போய்விடும். திரும்ப டார்காவாக மாற்றினாலும் வராது. மட்டைதான் திரும்பி வரும், மாடு வராது.

செபமாலை அண்ணை கொம்பியூட்டரைத் தொடமாட்டார். ஆனால் அவருக்கென்று சட்டங்கள் இருந்தன. மூலப் படத்தின் மேல் எதையும் சேமிக்கக் கூடாது. பிரதி எடுத்துப் பிரதியில்தான் வேலை. எல்லாம் முடிந்தபிறகு மொனிற்றரில் காட்டினால் பார்க்கமாட்டார். மூலையில் இருந்த பழைய ரீவியில் போடச் சொல்லுவார். "சனம் பாக்கிறது அதிலைதான். அதிலை சரியெண்டால் சரி" என்பார். அந்த ரீவியில் கூறைச் சேலையின் சிவப்பு, சேலையை விட்டு வெளியே கசிந்து பக்கத்து ஆளின் தோளில் ஏறும். நான் போய் அந்தச் சிவப்பைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். பார்த்து முடித்தபின் ஒன்றும் சொல்லாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, லென்ஸ் துடைக்கிற வெல்வெட் துணியால் துடைப்பார். துடைத்தால் சரி என்று அர்த்தம்.

கோபம் வந்தால் கத்தமாட்டார். குரலைத் தாழ்த்தி, என்னை 'நீங்கள்' என்று சொல்லத் தொடங்குவார். சாதாரண நாட்களில் நான் 'நீ'. ஒருமுறை தாலி கட்டுகிற துண்டை உடைத்து ஃபைல்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டேன். முன்னால் சைபர்கள் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கொம்பியூட்டர் எழுத்து எழுத்தாகப் பார்த்து, ஒன்றுக்குப் பிறகு பத்து, பிறகு நூறு, பிறகு நூற்றொன்று என்று போய், பிறகுதான் இரண்டுக்கு வந்தது. பழைய ரீவியில் போட்டுப் பார்த்தால் மாப்பிள்ளை தாலி கட்டுகிறார், அவிழ்க்கிறார், மறுபடி கட்டுகிறார், யோசித்துவிட்டுத் திரும்ப அவிழ்க்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செபமாலை அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

"மூர்த்தி, நீங்கள் கலியாணம் கட்டிட்டியளே?"

"இல்லை அண்ணை."

"அதுதான். அவிழ்க்க ஏலாது எண்டு உங்களுக்குத் தெரியேல்லை."

அன்று நான் மதியச் சாப்பாட்டுக்கு எழும்பவில்லை. கோர்த்து முடித்துத்தான் எழும்பினேன்.

இனி நான் கோபத்தோடு எழுத வந்த விஷயம். இரண்டாயிரமாம் ஆண்டளவில் ஒரு கலியாணம். மணப்பெண் சுகி வவுனியாவில் தன் தாய்மாமனோடு இருந்தவள். மாப்பிள்ளை ஊரிலேயே கடை வைத்திருந்தவர்; ஆனால் அவருடைய தாயும் தமையன்மாரும் கனடாவில். வர முடியவில்லை. கசற்றில்தான் பார்க்கப் போகிறார்கள். பெண்ணின் பக்கத்துக்கு அவளுடைய தமக்கை தவமலர் மட்டும் சண்டைக் கோட்டுக்கு அப்பால், கிளிநொச்சிப் பக்கத்துத் தர்மபுரத்திலிருந்து வந்திருந்தா. அந்தக் காலத்தில் அங்கிருந்து வவுனியாவுக்கு வருவது லேசில்லை. ஆமிக்காரரிடம் பாஸ் எடுக்க வேண்டும். கொடுத்த நாட்கள் முடிந்தால் திரும்பிப் போய்விட வேண்டும். கலியாணத்துக்கென்று அவாவுக்குக் கிடைத்தது சில நாட்கள்தான்.

தவமலரின் கணவன் ராசன் இரண்டு வருடத்துக்கு முன் உழவு இயந்திரத்துக்கு ஒரு சாமான் வாங்கப் போனவர். சோதனைச் சாவடிவரை கூடப் போனவர்கள் கண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு காணவில்லை. உள்ளே இருக்கிறார் என்றார்கள் சிலர். இல்லை, எப்படியோ தப்பி, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு பாங்கொக்கில் நின்றார், தன் கண்ணால் கண்டேன் என்று ஒருவன் சொன்னான். தவமலர் பாங்கொக் என்று சொன்னவனைத்தான் நம்பினா. நெற்றியில் குங்குமம், கையில் சிவப்புக் கண்ணாடிக் காப்பு, கழுத்தில் தாலி. எல்லாம் வைத்தது வைத்தபடியே.

கலியாணம் முடிந்து மணமக்கள் மணவறையில் இருக்கும்போது சுமங்கலிப் பெண்கள் இருவர் எதிரெதிராக நின்று, ஒரு தட்டை இருவரும் பிடித்து ஆலாத்தி எடுப்பார்கள். தட்டில் வாழைப்பழத் துண்டுகள், அதில் குத்திய திரிகள் எரியும். ஒருபக்கம் மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட தமக்கை. மறுபக்கத்துக்கு யார் என்று கேட்டபோது சுகி, "அக்கா" என்றாளாம். சனம் முணுமுணுத்திருக்கிறது. பெண் திரும்பவும் "அக்கா" என்றாள். தவமலர் எழும்பி வந்து தட்டைப் பிடித்தா. கமெரா பிடித்தவர் செபமாலை அண்ணை. எடுத்தது எடுத்ததுதான்.

இரண்டாம் நாள் தாய்மாமன் ஸ்ரூடியோவுக்கு வந்தார். சின்னத்துரை என்று பெயர். கையில் பலகாரத் தட்டு. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. கெட்ட மனுசர் வெறுங்கையோடு வந்தால் நமக்கு வசதி. இவர் பயித்தம் பணியாரத்தோடு வந்தார்.

"தம்பி, ஒரு சின்ன உதவி" என்று செபமாலை அண்ணையிடம் தொடங்கினார். "கனடாவிலை மாப்பிள்ளையின்ரை தாய் இந்தக் கசற்றைப் பாக்கப் போறா. அவா சகுனம் பாக்கிற மனுசி. ஆலாத்தி எடுத்ததிலை ஒராள் சரி. மற்றாள்தான்..."

"மற்றாள் உங்கடை மருமகள்தானே?" என்று நான் கதிரையிலிருந்து கேட்டேன்.

"மருமகள்தான். ஆர் இல்லையெண்டது? நானே தூக்கி வளத்த பிள்ளை. ஆனா மனுசன் போய் ரண்டு வரியம். இருக்கிறானோ இல்லையோ ஆருக்குத் தெரியும்? நாளைக்குச் சுகிக்கு ஒரு தலையிடி எண்டாலும் இதைத்தான் சொல்லிக் காட்டுவினம். அவளை அதிலை இருந்து எடுத்துவிடுங்கோ. வேறை எங்கை நிண்டாலும் பரவாயில்லை. ஆலாத்தியிலை மட்டும் வேண்டாம்."

செபமாலை அண்ணை வாடிக்கையாளருக்கு இல்லை என்று சொன்னதை நான் கேட்டதில்லை. "செய்யலாம்" என்றார்.

மாமன் போனபிறகு நான் எழும்பினேன்.

"அண்ணை, அது அவாவின்ரை சொந்தத் தங்கச்சியின்ரை கலியாணம்."

"தெரியும். நான்தானே எடுத்தனான்."

"சீவனோடை இருக்கிற மனுசியை எப்பிடி அழிக்கிறது?"

"அழிக்கச் சொல்லேல்லை. மறைக்கச் சொல்லினம். குத்துவிளக்கு ஒண்டை முன்னாலை நிப்பாட்டு. கலியாண வீடுதானே, விளக்கு நிண்டால் ஆரும் கேக்கமாட்டினம்."

"உங்களுக்குச் சரியாப் படுதோ?"

"நான் வேதக்காரன் தம்பி. உங்கடை ஆக்களின்ரை சகுனம் சாத்திரம் எனக்குத் தெரியாது. கேட்டதைச் செய்து குடுப்பம்."

"உங்கடை மாதா கோயில் கலியாணத்திலை ஒருத்தர் வந்து இப்பிடிக் கேட்டால்?"

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. குரல் தாழ்ந்தது.

"நீங்கள் இந்த வேலையைச் செய்யுங்கோ, மூர்த்தி."

நான் செய்தேன். ஏன் செய்தேன் என்று கேட்கிறவர்களுக்கு: நானும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன்தான். வவுனியாவில் நிற்பதற்கு எனக்கும் ஒரு பாஸ் இருந்தது. அதைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் செபமாலை அண்ணை பக்கத்தில் வந்து நின்று, "இவர் என்னட்டை வேலை செய்யிறவர்" என்று சொல்லுவார். அந்த ஒரு வசனத்தில்தான் நான் அந்த ஊரில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வசனத்தில் நிற்கிற ஆளுக்கு வீரம் குறைவு. இதை அவர் ஒருநாளும் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டாததாலேயே எனக்கு அவர்மேல் கோபம் கூடியது. என்மேல் அதைவிட.

விளக்கை ஒரு பழைய கலண்டரில் கண்டுபிடித்தேன். உச்சியில் அன்னம் வைத்த நல்ல உயரமான குத்துவிளக்கு. ஸ்கான் பண்ணி, ஓரத்தைப் புள்ளி புள்ளியாக வெட்டி, மறைப்பு அடுக்குப் போட்டு, டார்காவாகச் சேமித்தேன். ஆத்திரத்தில் முதல்தரம் ஜேபெக்காகச் சேமித்துவிட்டேன். விளக்கு ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் நின்றுகொண்டு வந்தது, அலுமாரிக்குள் நிற்கிற மாதிரி. திரும்ப முதலிலிருந்து.

பிறகு ஆலாத்தித் துண்டு. விளக்கைத் தவமலருக்கு முன்னால் நிறுத்தி, அதன் இரு பக்கமும் தெரிந்த சேலையைப் பின்திரையின் துண்டு ஒட்டி மூடினால், தட்டும் பாதி மறைந்தது. நெருப்புத் தெரியவேண்டும் அல்லவா? அதனால் தட்டு வருகிற இடத்தில் மட்டும் விளக்கின் மறைப்பை வெட்டித் திறந்துவிட வேண்டும். தட்டு சுற்றுகிறது, அதனால் ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் வெட்ட வேண்டும். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, வெட்டி, சேமித்து, அடுத்தது. முகம், நெற்றி, குங்குமம் எல்லாம் விளக்குக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. நான் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு தூசணம் சொன்னேன். சின்னத்துரை மாமாவுக்கு, கனடாக்காரிக்கு, சாவடிக்கு, சகுனத்துக்கு. தூசணம் முடிந்து போய், முதலிலிருந்து திரும்பத் தொடங்கினேன். நல்லவேளை ஃபைலில் சத்தம் பதியாது.

தட்டைத் திறக்கும்போது கையையும் திறக்க வேண்டியிருந்தது. தட்டு தானாக மிதக்காதே. விரல் நுனிவரை திறந்தால் வேலைக்குக் காணும், அதுவே போதும். நான் மணிக்கட்டுவரை திறந்தேன். பிறகு காப்புவரை. அது தேவையில்லாத வேலை. ஒவ்வொரு படத்திலும் கூடக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிடிவாதமாகச் செய்தேன். என்னால் முடிந்த கலகம் அவ்வளவுதான். ஒரு முன்கையின் பாதி.

கோர்த்துப் பழைய ரீவியில் போட்டோம். ஒரு பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண் பட்டுச்சேலையோடு நிற்கிறா. மறுபக்கத்தில் ஆள் உயரக் குத்துவிளக்கு நிற்கிறது. நடுவில் தட்டு சுற்றுகிறது. விளக்குக்கு இரண்டு கைகள் முளைத்திருக்கின்றன, சிவப்புக் காப்புப் போட்ட கைகள். உலகத்தில் ஆலாத்தி எடுத்த ஒரே குத்துவிளக்கு அதுதான். பழைய ரீவியில் காப்பின் சிவப்பு கசிந்து விளக்கின் தண்டிலும் கொஞ்சம் ஏறியது. அதை நான் குறைக்கவில்லை.

செபமாலை அண்ணை கையையும் கண்டார், காப்பையும் கண்டார். அவருடைய கண் அப்படி. வெல்வெட் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். மாமன் வந்து பார்த்தார். முகம் இல்லை, அவருக்கு அது போதுமாயிருந்தது. "நல்ல கெட்டித்தனம்" என்று என் தோளில் தட்டினார். அந்தத் தோளை நான் வீட்டுக்குப் போய் இரண்டுதரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

கனடாவுக்குப் போகிற கசற் மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அங்கத்தைய ரீவிக்கு எங்களுடைய கசற் சரிவராது. அதற்கென்று வேறு முறையில் மாற்றிப் பதிய வேண்டும். அதை எடுக்கவிருந்த நாள் முற்பகல், தவமலர் தனியே ஸ்ரூடியோவுக்கு வந்தா. கையில் ஒரு துணிப்பை. பாஸ் அன்றோடு முடிகிறது, மத்தியானம் வாகனம். செபமாலை அண்ணை மாதா கோயிலில் பிள்ளைகளின் முதல்நன்மைப் பூசையைப் படம் எடுக்கப் போயிருந்தார்.

"தம்பி, தங்கச்சியின்ரை கலியாணத்தை ஒருக்காப் பாத்திட்டுப் போகட்டே?" என்றா. "கொண்டுபோக விடமாட்டினம். கசற்றைக் கண்டால் பறிச்சுப் போடுவினம். அங்கை போட்டுப் பாக்கக் கரண்டும் இல்லை. ஒருக்காப் பாத்தால் போதும்."

"முழுக்கப் பாக்க நேரம் போகும் அக்கா. தாலி கட்டிறதைப் போடட்டே?" என்றேன்.

"ஆலாத்தியைப் போடுங்கோ."

"அது பெரிசா ஒண்டுமில்லை..."

"தம்பி, நான் ஏன் அந்தத் தட்டைப் பிடிச்சனான் தெரியுமே?" என்று கேட்டா. கதிரையில் இருக்கவில்லை. "சனம் கதைக்கும் எண்டு எனக்குத் தெரியும். சுகி கூப்பிட்டாலும் நான் மாட்டன் எண்டிருப்பன். இந்தக் கசற் கனடாவுக்குப் போகுது எண்டு மாமா சொன்னவர். அங்கை ஒரு வீட்டுக் கசற்றைப் பத்து வீட்டிலை வாங்கிப் பாப்பினமாம். தெரிஞ்ச ஆக்கள், ஊர் ஆக்கள். எங்கடை அவர் பாங்கொக்காலை எங்கையாவது போயிருந்தால், கனடாவோ லண்டனோ, ஆரின்ரையோ வீட்டிலை இருந்து பாக்கமாட்டாரே? ஆலாத்தி எடுக்கிற ஆளாய் நான் நிண்டால், நான் இன்னும் அவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறன் எண்டு விளங்கும்தானே?"

என் வாழ்க்கையில் எனக்குப் பகிடி வராத சில நேரங்களில் அது ஒன்று. கசற்றைப் பழைய ரீவியில் போட்டேன். வேறு என்ன செய்ய?

தட்டு சுற்றியது. விளக்கு நின்றது. தவமலர் ரீவிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தா. முடிந்தது.

"ஆர் சொன்னது?" என்று கேட்டா.

"மாமா."

"தங்கச்சிக்குத் தெரியுமே?"

"தெரியாது போலை."

"சொல்லாதையுங்கோ."

பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. முதலாளி இல்லாத நேரம் நான் பெரிய வீரன். "அக்கா, மூலப் படம் எல்லாம் கிடக்கு. நான் பிரதியிலைதான் வேலை செய்தனான். கனடாக் கசற் இன்னும் எடுக்கேல்லை. விளக்கைத் தூக்கிப் போட்டு உங்களை முழுசா நிப்பாட்டி அனுப்பிறன். இஞ்சை மாமா வைச்சிருக்கிற கசற்றிலை விளக்கு நிக்கட்டும், அங்கை நீங்கள் நில்லுங்கோ. செபமாலை அண்ணை கண்டுபிடிச்சால் என்னை அனுப்பட்டும். நானும் உங்களோடை தர்மபுரத்துக்கு வாறன், கரும்பலகையிலை கொம்பியூட்டர் படிப்பிக்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவா சிரிக்கவில்லை. "அந்த வீட்டிலை சுகி இருக்க வேணும் தம்பி" என்றா. "அந்தத் தாய் ஒருநாள் இஞ்சை வருவா, இல்லாட்டி இவளைக் கூப்பிடுவா. நெடுகக் குத்திக் காட்டுவினம். விளக்கை விடுங்கோ. திரும்ப ஒருக்காப் போடுங்கோ."

திரும்பப் போட்டேன். அவா இந்தமுறை ஒரு விரலைக் கண்ணாடிமேல் வைத்து, விளக்கிலிருந்து வருகிற கைகளைத் தொட்டா. பழைய ரீவியில் காப்பின் சிவப்பு அவா விரலைச் சுற்றிக் கசிந்தது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இப்படி அடங்கிப் போகிற மனுசியில்கூட ஆத்திரம். "முகம் இல்லை, நெற்றி இல்லை, ஆளே இல்லை. வெறும் கை அக்கா" என்று கத்தினேன். "அது ஆருக்குக் காணும்?"

துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னா:

"அவருக்குக் காணும்."